தென்னை வைப்பதா, பனை வைப்பதா, இல்லை விற்றுவிடுவதா?

தோப்புக்காரர்_பேராவூரணி:

எல்லாருக்கும் வணக்கம். பார்த்தால் விவசாயக் கேள்வி மாதிரிதான் இருக்கும், ஆனால் நான் கேட்க வந்தது முழுக்க அது இல்லை. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 61. பேராவூரணி பக்கம் ஒன்பது மா (சுமார் மூன்று ஏக்கர்) தென்னந்தோப்பு, அப்பா வைத்தது. 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்த இரவில் 210 மரத்தில் 31 மிஞ்சியது. அந்த இரவைப் பற்றி ஆளாளுக்குச் சொல்லியாகிவிட்டது, நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். முதலில் மரம் முறியும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது, வீட்டுக்குள் உட்கார்ந்து நானும் என் மனைவியும் எண்ணிக்கொண்டிருந்தோம், பதினாலு பதினைந்து வரை எண்ணினோம், அப்புறம் எண்ண முடியவில்லை. விடிந்ததும் தோப்புக்குப் போனால் உள்ளே நுழைய வழி இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கிறது. எனக்கு முதலில் கண்ணில் பட்டது விழுந்த மரம் இல்லை, வானம். பிறந்ததிலிருந்து அந்த இடத்தில் நின்று நான் முழு வானத்தைப் பார்த்ததே கிடையாது.

விழுந்த மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் நிவாரணம் என்று அரசாங்கத்தில் அறிவித்தார்கள், அதில் மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய். ஜேசிபி வாடகைக்கே பற்றவில்லை. அள்ளாமல் விட்ட கட்டைகள் மட்கி, அதில் காண்டாமிருக வண்டு பெருகி, 2019இல் வைத்த 60 தென்னம்பிள்ளைகளில் பாதிக்கு மேல் குருத்தைக் குடைந்துவிட்டது. மிச்சம் இப்போதுதான் பாளை விடுகிறது. கோடையில் போர் தண்ணீர் முன்பு இருந்த மாதிரி இல்லை, வாயில் வைத்தால் லேசாகக் கரிக்கிறது.

போன கார்த்திகையில் எனக்கு நெஞ்சுவலி வந்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பையன் (கோயம்புத்தூரில் வேலை) பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான், "அப்பா, நீங்க வைக்கிற பிள்ளை காய்க்க ஆறு ஏழு வருசம் ஆகும், அதுவரைக்கும் உங்க உடம்பு எப்படி இருக்குமோ, அதுக்குள்ள இன்னொரு புயல் வருமோ, யாருக்காக இவ்வளவு கஷ்டப்படுறீங்க, குடுத்துடலாம்பா." கோபத்தில் சொல்லவில்லை, கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குப் பதில் வரவில்லை.

தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பார்த்துட்டுச் சாவான் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நான் எதையும் பார்க்கக்கூட மாட்டேனோ என்று இருக்கிறது. சாவுக்குப் பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பயம் இருக்கிறது, ராத்திரி நெஞ்சில் கை வைத்துப் பார்க்காமல் தூக்கம் வருவதில்லை. ஆனால் அதைவிடப் பெரியதாக ஒன்று உறுத்துகிறது. அப்பா 1996இல் போனார். கடைசி இரண்டு நாள் நினைவு வந்து வந்து போனது, வந்தபோதெல்லாம் மேலத் தலைமடை மரத்துக்குத் தண்ணீர் போகிறதா என்றுதான் கேட்டார். நான் போனாலும் தோப்பு நிற்கும் என்ற நிம்மதியில் போனார். நம் ஆட்கள் எல்லாருமே அப்படித்தான் போயிருக்கிறார்கள், மழை வரும், ஆறு வரும், பேரன் வயலில் இறங்குவான் என்று. எனக்கு அந்த நினைப்பு இல்லை. கடல் ஏறும், வெயில் ஏறும், புயல் வலுக்கும் என்று தினமும் படிக்கிறேன். பின்னால் எல்லாம் இருக்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் ஒரு மனுஷன் எதைப் பிடித்துக்கொண்டு சாவது? இப்படி நினைப்பவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா? என்ன செய்கிறீர்கள்?

மதுக்கூர்_ராசு:

அண்ணே, எங்களுக்கு 400 மரம் போனது. அந்த வானம் பற்றிப் படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். பதில் என்னிடம் இல்லை. ஆனால் நீங்கள் தனியாக இல்லை.

இரவுப்பணி_திருச்சி:

ஐயா, நான் நர்ஸ். குணமாக்க முடியாத நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வேலை, பதினாறு வருடமாக. கேரளாவில் பயிற்சி எடுத்தேன். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் தெருவுக்குத் தெரு சாதாரண மக்களையே தொண்டர்களாகச் சேர்த்து வளர்ந்தது. வலியைக் குறைப்பது, பக்கத்தில் உட்காருவது, உண்மையைச் சொல்வது, இந்த மூன்றும்தான் எங்களுக்குப் பாலபாடம்.

மூன்றாவதுதான் கஷ்டம். வாசலிலேயே வீட்டுக்காரர்கள் என்னை நிறுத்தி, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, சரியாயிடும்னு சொல்லுங்க" என்பார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் சரியாயிடும் என்று கடைசி வரை சொல்லப்பட்டவர்கள்தான் ரொம்பத் தனியாகப் போகிறார்கள், அதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களுக்கு உள்ளே தெரியும். தெரிந்ததைப் பேச யாரும் விடுவதில்லை. நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. பருவநிலை பற்றி எல்லாரும் ஒன்று சரியாயிடும் என்கிறார்கள், இல்லாவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்கள். இரண்டுமே உங்களை மேற்கொண்டு பேசவிடாது.

ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். குடலில் புற்று, கடைசி வாரம். ஒருநாள் காலையில் போனால் மருமகளிடம், தனக்கு எந்தச் சேலையைக் கட்ட வேண்டும், எந்தத் தோட்டை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அதை முடித்த கையோடு, பக்கத்து வீட்டில் முருங்கை வெட்டியிருக்கிறார்கள், ஒரு போத்து (கிளைத் துண்டு) வாங்கி வந்து வாசல் ஓரம் நடு, மேல் நுனியில் சாணி வை, தண்ணீர் கொஞ்சமாக ஊற்று, அழுகிவிடும் என்கிறார். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார், அதைப் பார்க்க. துளிர் வருவதற்குள் போய்விட்டார். துக்கம் விசாரிக்க நான் போனபோது அந்த மருமகள் போத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார், கொஞ்சமாகத்தான்.

அந்தப் பாட்டி தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. சேலை விஷயத்தையும் முருங்கை விஷயத்தையும் ஒரே மூச்சில், ஒரே குரலில் சொன்னார். ஒன்றைச் சொன்னதால் இன்னொன்று இல்லை என்று ஆகவில்லை. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை ஐயா. நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பதை உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் நிறையப் பேருக்கு இந்தப் பயம் வரும், அதற்கும் உதவி உண்டு. வீட்டம்மாவிடமும் சொல்லுங்கள், அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

நாகை_கடலோரம்:

அங்கிள், எனக்கு 29 வயது. ஊர் நாகப்பட்டினம், இப்போது சென்னையில் இருக்கிறேன், படித்தது சுற்றுச்சூழல் அறிவியல். மேலே அக்கா எழுதியது மனதைத் தொட்டது, ஆனால் ஒரு இடத்தில் எனக்கு ஒப்பவில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பாட்டிக்கு முடிவு உறுதியாகிவிட்டது. பூமிக்கு அப்படி ஒரே முடிவு எழுதி வைக்கப்படவில்லை. எவ்வளவு மோசமாகும் என்பது இன்னும் நம் கையில் இருக்கிறது, அதனால் பருவநிலையைச் சாவோடு ஒப்பிட்டுப் பேசுவதே எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. கைவிடுவதற்கு நல்ல காரணம் கிடைத்த மாதிரி ஆகிவிடும்.

உண்மையைச் சொல்லணும் என்றால் முழுசாகச் சொல்லணும், நல்லது கெட்டது இரண்டும். பூமியின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முன்பு இருந்ததைவிட எவ்வளவு ஏறலாம் என்பதில், 2015இல் பாரிஸில் உலக நாடுகள் 1.5 டிகிரிக்குள் நிறுத்தப் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். 2024 முதல் தடவையாக அந்த அளவைத் தாண்டிய வருடம். ஒரு வருடம் தாண்டுவதும் பல வருடச் சராசரி தாண்டுவதும் ஒன்றில்லை, ஆனாலும் போகிற திசை தெரிகிறது. இது கெட்டது. பாரிஸுக்கு முன்னால் இந்த நூற்றாண்டு முடியும்போது 4 டிகிரியை ஒட்டிப் போகும் என்று பயந்தார்கள், இப்போது நடைமுறையில் இருக்கும் கொள்கைகளை வைத்துப் பார்த்தால் 3 டிகிரியை ஒட்டி வருகிறது. 3 என்பது பயங்கரம்தான். ஆனால் அந்த வித்தியாசம் தானாக வரவில்லை, மனிதர்கள் செய்து வந்தது. இன்னொன்று, இது நிறையப் பேருக்குத் தெரியாது. கரியமில வாயு வெளியேற்றத்தை நிகர பூஜ்யத்துக்கு, அதாவது நாம் வெளியே விடுவதும் திரும்ப உள்ளே இழுப்பதும் சமமாகும் நிலைக்கு, கொண்டுவந்துவிட்டால் வெப்பம் ஏறுவது கிட்டத்தட்ட அங்கேயே நின்றுவிடும் என்பதுதான் இப்போதைய புரிதல். கடல் மட்டும் நிற்காது, அது பல நூற்றாண்டுக்கு மெதுவாக ஏறிக்கொண்டேதான் இருக்கும், எவ்வளவு வேகமாக என்பதுதான் நம் கையில் இருக்கிறது. நாகப்பட்டினத்துக்காரியாக இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

எங்கள் ஆயா 1952 புயலையும் பார்த்தவர், 1977 புயலையும் பார்த்தவர். அப்போதெல்லாம் புயலுக்குப் பேர்கூடக் கிடையாது, நம் கடலில் பேர் வைக்கும் பழக்கமே 2004இல்தான் வந்தது. 77இல் வானொலியில் ஏதோ சொன்னார்கள், எங்கே போவது என்று யாருக்கும் தெரியாது என்பார். கஜாவுக்கு முன்னாடி 80 ஆயிரம் பேருக்கு மேல் முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். ஒடிசாவைப் பாருங்கள், 1999 பெரும் புயலில் சுமார் 10 ஆயிரம் பேர் செத்தார்கள், 2013இல் பைலின் வந்தபோது லட்சக்கணக்கான ஆட்களை முன்கூட்டியே நகர்த்திவிட்டார்கள், செத்தவர்கள் 50க்குள். புயல் சின்னதாகிவிடவில்லை. இடையில் 14 வருடம் யாரோ உட்கார்ந்து பாதுகாப்புக் கட்டடம் கட்டினார்கள், ஊர் ஊராக ஒத்திகை பார்த்தார்கள், எச்சரிக்கையைக் கடைசிக் குடிசை வரை கொண்டுசேர்த்தார்கள். நம்பிக்கை என்று எனக்கு ஏதாவது இருந்தால் அந்த 14 வருடத்தில்தான் இருக்கிறது.

உங்கள் தோப்பு நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன் அங்கிள், சொன்னால் அது பொய். ஆனால் ஒன்று கேட்கணும். எனக்கும் என் கணவருக்கும் குழந்தை பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்று ஒரு வருடமாகப் பேச்சு ஓடுகிறது. வீட்டில் பெரியவர்களிடம் இந்தப் பயத்தைச் சொன்னால், "எங்க காலம் முடிஞ்சிருச்சு, இனி நீங்க பார்த்துக்கங்க" என்று எழுந்து போய்விடுகிறார்கள். அது எவ்வளவு கோபம் வரவைக்கும் தெரியுமா? 61 வயதில் ஒருவர் உட்கார்ந்து, எனக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று தூக்கம் கெட்டு யோசிக்கிறார் என்பதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் தோப்பை வைத்தாலும் விற்றாலும் சரி, தயவுசெய்து எழுந்து மட்டும் போய்விடாதீர்கள்.

இரவுப்பணி_திருச்சி:

நீ சொன்னது சரிதான்மா. முடிவு உறுதியானவர்களையே பார்த்துப் பார்த்து எனக்குக் கண் அப்படிப் பழகிவிட்டது. ஐயாவின் சாவு வேறு, பூமி வேறு, இரண்டையும் நான் ஒன்றாகக் கட்டியிருக்கக் கூடாது. குழந்தை விஷயத்தில் யார் அவசரப்படுத்தினாலும் அவசரப்படாதே.

ஒரத்தநாடு_வரப்பு:

எல்லாரும் மனசைப் பற்றிப் பேசிவிட்டீர்கள், நான் மரத்தைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் அவர் கேட்டதில் பாதி அதுவும்தான்.

அண்ணே, ஒன்பது மாவையும் திரும்பத் தென்னையாக்க நினைக்காதீர்கள். ஒரே வயசு, ஒரே உயரம், ஒரே பயிர், அதனால்தான் ஒரே இரவில் மொத்தமும் போனது, இது என் அபிப்பிராயம். நெட்டை வேண்டும் என்றால் 25 அடி இடைவெளியில் கொஞ்சம் வையுங்கள், கூடவே குட்டை ரகம் கொஞ்சம், அது மூன்று நான்கு வருடத்தில் பாளை விடும், ஒட்டு ரகம் நாலைந்து வருடம். உயரம் குறைந்த மரம் காற்றுக்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஏற ஆளும் தேட வேண்டாம். நடுவில் வாழை, நிழல் வந்தபிறகு கோகோ, மிளகு. வண்டுக்கு, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து குருத்தைச் சுற்றியுள்ள மூன்று மட்டை இடுக்கில் போடுங்கள், விடாமல் போட வேண்டும், நிறையப் பேர் ஒரு தடவை போட்டுவிட்டு மருந்து கேட்கவில்லை என்கிறார்கள். எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலந்துவிடுங்கள், புழுவிலேயே பிடித்துவிடும். மட்கிய கட்டை இன்னும் கிடந்தால் முதலில் அதை அப்புறப்படுத்துங்கள், அது இருக்கும்வரை என்ன செய்தும் வீண்.

இனி பனை. கஜா முடிந்து நாலைந்து நாள் கழித்து மாமனார் ஊருக்கு பைக்கில் போனேன், பட்டுக்கோட்டை தாண்டி. இரண்டு பக்கமும் தென்னை தரையில் கிடக்கிறது, வரப்பில் பனை அப்படியே நிற்கிறது, சிலதில் தூக்கணாங்குருவிக் கூடுகூட மிச்சம் இருந்தது. வண்டியை நிறுத்திப் பார்த்தேன். நாம்தான் செங்கல் சூளைக்கு அடிமாட்டு விலைக்கு வெட்டிக் கொடுத்தோம். இப்போது வெட்டுவதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று வந்திருக்கிறது, நல்லதுதான். வேலி ஓரம், வாய்க்கால் கரை, குளத்தங்கரை, எங்கே இடம் கிடைத்தாலும் போடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், காவல் வேண்டாம், உப்பு மண்ணிலும் வரும்.

பையன்மேல் வருத்தப்படாதீர்கள். ஆஸ்பத்திரியில் அப்பாவைப் படுக்கவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் வேறு என்ன சொல்வான்?

வடமராட்சி_மணல்:

ஐயா, நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பனை என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சண்டை நடந்த காலத்தில் பங்கருக்கும் காவலரணுக்கும் என்று எங்கட பக்கம் பனைகளைத் தறித்துத் தள்ளினார்கள், ஷெல் விழுந்து தலை இல்லாமல் நின்றவை வேறு. நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வளவில் வீடும் இல்லை, பனையும் இல்லை. அப்போது எங்கட அப்பாவுக்கு எழுபது வயது. கூரைக்குத் தறப்பாள் போட்ட அடுத்த கிழமையே பனங்கொட்டை பொறுக்கி வந்து வேலி ஓரம் தாட்டார். அம்மா பேசினா, முதலில் கிணற்றை இறையுங்கோ, பிறகு பனையைப் பார்க்கலாம் என்று. அவர் கிணற்றையும் இறைத்தார்.

அப்பா இப்போது இல்லை. அந்தப் பனைகள் இன்னும் வடலியாக, இளம்பனையாக, நிற்கின்றன, ஒன்றிரண்டுதான் தலைக்கு மேல் போயிருக்கின்றன. ஆண் பனையா பெண் பனையா என்றுகூட இன்னும் தெரியாது, பாளை வந்தால்தான் தெரியும். 2025 நவம்பரில் திட்வா புயல் இலங்கையில் 600 பேருக்கு மேல் காவு கொண்டது, மலையகத்தில் மண் சரிந்து குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அந்தக் கிழமை முழுக்க எங்களுக்கு நித்திரை இல்லை. காற்று அடித்த இரவு நான் அந்த வடலிகளின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தேன், ஓலை ஒன்றோடு ஒன்று உரசுகிற சத்தம். அப்பா இருமுகிற மாதிரி இருந்தது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தது.

தோப்புக்காரர்_பேராவூரணி:

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுதியதையெல்லாம் என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். யாழ்ப்பாணத்துத் தம்பி எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். நெஞ்சில் கை வைத்துப் பார்க்கும் விஷயம் அவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது, நான் தூங்கும்வரை அவரும் தூங்குவதில்லையாம். இத்தனை மாதமாக இருட்டில் இரண்டு பேரும் தூங்குவது மாதிரி படுத்திருந்திருக்கிறோம்.

நாகப்பட்டினத்துப் பெண்ணுக்கு: அம்மா, நீ சொன்ன கணக்கைப் பையனிடமும் சொன்னேன், 4க்கும் 3க்கும் நடுவில் உள்ளது மனுஷன் செய்தது என்று. நான் எழுந்து போகமாட்டேன். குழந்தை பற்றி நான் என்ன சொன்னாலும் அது பெரியவர் சொல்வது மாதிரி ஆகிவிடும், அதனால் சொல்லவில்லை. ஆனால் நீ எப்போது வேண்டுமானாலும் இங்கே பேசு, நான் கேட்பேன்.

தோப்பை மொத்தமாக விற்கவில்லை. ரோட்டை ஒட்டிய மூன்று மாவைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம், வைத்தியச் செலவுக் கடன் இருக்கிறது, மனசு வலிக்கிறது ஆனால் வேறு வழி இல்லை. மிச்சத்தில் ஒரத்தநாட்டுத் தம்பி சொன்ன மாதிரி குட்டையும் ஒட்டும் கலந்து 40 பிள்ளை. பழைய கட்டை பதினேழு கிடந்தது, போன வாரம் ஆள் வைத்து அள்ளிவிட்டேன். ஒன்றைப் புரட்டினால் உள்ளே கட்டைவிரல் தடிமனுக்குப் புழு.

பனம்பழம் விழ ஆரம்பித்துவிட்டது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் நானும் மனைவியும் ஐயனார் கோயில் குளத்தங்கரைக்குப் போய்ச் சாக்கில் பொறுக்கிக்கொண்டு வருகிறோம், டாக்டர் நடக்கச் சொன்னது இப்படியாகவே முடிந்துவிடுகிறது. நான் கனம் தூக்கக் கூடாது என்பதால் சாக்கை அவர்தான் இழுக்கிறார், நான் பழத்தைக் காலால் உருட்டிக் கொடுக்கிறேன். திண்ணை முழுக்கப் பழவாசனை, கை இரண்டும் மஞ்சளாக நார் ஒட்டிக்கொண்டு, கழுவினாலும் போகவில்லை. இதுவரை 130 கொட்டை சேர்ந்திருக்கிறது. பையனுக்குப் படம் அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் ஆயுத பூஜை லீவுக்கு வருகிறேன், குழி எத்தனை அடி என்று மட்டும் கேட்டிருந்தான். எனக்கும் அது சரியாகத் தெரியவில்லை, அப்பா தென்னை வைத்துத்தான் பார்த்திருக்கிறேன். பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. கையில் வேலை இருக்கும் நேரம் அது கொஞ்சம் தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான்.

ஒரத்தநாடு_வரப்பு:

ஒரு அடி ஆழம் போதும் அண்ணே, பத்தடிக்கு ஒன்று. நட்டபிறகு பிடுங்கி வேறு இடத்தில் வைக்க முடியாது, வேர் நேராகக் கீழே போய்விடும், அதனால் இடத்தை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். வெளியே இலை தெரிய நாளாகும், முளைக்கவில்லை என்று தோண்டிப் பார்க்காதீர்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் போட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும் கரையில் போட்டுவிடாமல் முப்பது கொட்டையை வீட்டுப் பக்கம் மணல் பாத்தியில் நெருக்கமாகப் பரப்பி மூடிவையுங்கள், பொங்கலுக்குக் கிழங்கு எடுத்து அவிக்கலாம்.